பாட்டியும் 'பாப்பா'வும்

ஓரகடம் கூட்டுரோட்டில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிவிடும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அது. ஏ ஷிப்டுக்குப் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் டப்பாவும் கண்ணில் மிச்சத் தூக்கமுமாக நிற்பார்கள். அவர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்த வீட்டுக்குள் அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் இந்தக் கட்டுரை தொடங்கிவிடும்.

ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட எந்த வீடும் இல்லை. வல்லம், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இதன் சாயலில் ஒன்று தென்படும். பாட்டிக்கு 74 வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருடைய மகளுக்கு 43 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தெருவே அவரை இன்னமும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறது. மகனுக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. மருமகளுக்கு செல்போன் பாகங்களைப் பூட்டும் லைனில். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். காலை ஆறரையிலிருந்து மாலை நாலரை வரை வீட்டில் பாட்டியும் பாப்பாவும் மட்டும்.

"ரெண்டு பேரையும் பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்று மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருப்பார். பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: பார்த்துக்கொள்வது. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். அந்த வேறுபாட்டைக் குடும்பங்கள் கவனிப்பதில்லை. அரசாங்கமோ வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே கூரைக்குள் நடப்பதை மறந்துவிட்டது.

முதலில் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1017-இல் பிறந்து 120 ஆண்டு வாழ்ந்ததாக வைணவ மரபு சொல்லும் இராமானுசரின் ஊர் ஸ்ரீபெரும்புதூர். நீண்ட ஆயுளுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது. அந்த ஊரைச் சுற்றி ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த நிலம், ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த 1990-களின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்து, 2014-இல் மூடிவிட்டும் போனது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ-நிசான், அதன் பின் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், பாக்ஸ்கான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண், மதியம் ஒரு நடை வீட்டுக்கு வந்து மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பலாம். கன்வேயர் லைனில் நிற்கும் பெண்ணால் அது முடியாது. கழிப்பறைக்குப் போகவே மாற்றாள் நிற்கவேண்டிய இடம் அது. பழைய நாட்களில் பராமரிப்பு பொன்னாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அன்றும் படுக்கைப் புண் இருந்தது, கட்டிப்போட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அன்று வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் ஒரு நடைதான் தூரம்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அன்றைய விவாதமெல்லாம் தொழிலாளியின் உடம்பைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் இருந்தது, சரிதான். அந்தக் கூடுதல் நாலு மணி நேரம் யாரோ ஒரு பாட்டியின் முதுகில்தான் போய் விழும் என்று யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முதுகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் பாலபாடம். ஆறரையிலிருந்து நாலரைக்குப் பத்து மணி நேரம். ஐந்து முறை புரட்டியிருக்க வேண்டும். இடுப்பெலும்பின் கீழே, குதிகாலில், தோள்பட்டையில் முதலில் சிவப்பாக ஒரு தடம் தெரியும். விரலால் அழுத்தினால் வெளுக்காது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் இருந்தால் அன்றே தடுத்துவிடலாம். தெரியாவிட்டால் பத்து நாளில் குழி விழுந்துவிடும். பிறகு சலைனும் பஞ்சும் பிளாஸ்திரியும், ஏர் பெட் வாடகையும், மாதக்கணக்கில் ஆறாத புண்ணும். சோறு ஊட்டுவதிலும் இதே கதை. முழுக்கப் படுக்கவைத்து ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கும். தலைமாட்டை உயர்த்தி, ஊட்டி முடித்தபின்னும் அரைமணி நேரம் அப்படியே சாய்த்து வைத்திருக்க வேண்டும். டயாப்பரை எத்தனை மணிக்கு மாற்றினோம், மலம் போய் எத்தனை நாள், சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று முதியோர் பராமரிப்பின் தரம் ஒரு கணக்கு நோட்டில் அடங்கும். அதில் கடினம் உண்டு, மர்மம் இல்லை. நம் சமூகத்துக்கு இந்த வேலையின் திரைக்கதை தெரியும். மாமியாரைப் பார்த்த மருமகளைப் பார்த்து அடுத்த மருமகள் கற்றுக்கொள்கிறாள். உறவுக்காரர் வந்தால் போர்வையை விலக்கிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கம்மா" என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போவார்.

பாப்பா விஷயத்தில் போர்வையை விலக்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் நடக்கிறார், தானாகச் சாப்பிடுகிறார், குளிக்க மட்டும் கொஞ்சம் உதவி வேண்டும். புண் கிடையாது, குழாய் கிடையாது. அப்படியானால் அவரைப் 'பார்த்துக்கொள்வது' என்றால் என்ன? வெளியே போய்விடாமல் தாழ்ப்பாள் போடுவது. டிவியைப் போட்டுவிடுவது. மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றச் சொல்வது. யாராவது கேட்டால், "அவ பாட்டுக்கு சத்தமில்லாம இருப்பா" என்று பெருமையாகச் சொல்வது.

சத்தமில்லாமல் இருப்பதுதான் அளவுகோல். இந்த ஒரு வாக்கியத்தை எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நெருடல் போகவில்லை. பாட்டிக்கான அளவுகோல் உடம்பு சம்பந்தப்பட்டது. குறைந்தபட்சம் அது பாட்டிக்கு நன்மை செய்யும். பாப்பாவுக்கான அளவுகோல் மற்றவர்களுடைய நிம்மதி சம்பந்தப்பட்டது. பத்து வருடமாக ஒரு பெண் வாசலைத் தாண்டவில்லை என்றாலும், அவர் பேசிய சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலும், இந்த அளவுகோலின்படி அது முதல்தரப் பராமரிப்பு. வாயில் சொத்தைப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் அவர் தலையைச் சுவரில் முட்டினால் மட்டுமே அது கெடுகிறது. அப்போதும் பல் மருத்துவரிடம் போவதற்கு முன்னால் வேப்பிலைதான் வரும்.

இருவரையும் ஒரே சொல்லால் மூடுகிற இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. படுத்த பாட்டியைப் பார்த்து, "கொழந்த மாதிரி ஆயிட்டாங்க" என்பார்கள். பாப்பாவைப் பார்த்து, "அவ கொழந்ததான்" என்பார்கள். இரண்டும் அன்பாகச் சொல்லப்படுபவை. இரண்டும் வேறுவேறு விதத்தில் தப்பு. பாட்டிக்குக் கடந்தகாலம் இருக்கிறது. எந்த ஏரிக்கரையில் நிலம் இருந்தது, அதை என்ன விலைக்குக் கொடுத்தோம், எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டது பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரைக் குழந்தை என்றால் அந்த 74 வருடங்களும் அழிந்துபோகின்றன. பாப்பாவின் விஷயத்தில் பறிபோவது நிகழ்காலம். 43 வயதுப் பெண்ணுக்கு நரைமுடி வரும், கோபம் வரும், ஆசை வரும், பச்சைப் புடவைதான் வேண்டும் என்ற பிடிவாதம் வரும். குழந்தை என்று சொன்ன மறுநிமிடமே அவையெல்லாம் சேட்டையாகிவிடுகின்றன. 2009-இல் சண்டிகரில் அரசு இல்லமொன்றில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு கொண்ட ஒரு பெண்ணின் கருவைக் கலைப்பதா என்ற வழக்கில், அவருடைய சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தனை பெரிய முடிவில் நீதிமன்றம் மதித்த ஒரு சம்மதத்தை, இன்றைக்கு என்ன குழம்பு என்ற கேள்வியில்கூட நாம் பாப்பாவிடம் கேட்பதில்லை.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். அறிவுசார் குறைபாடுடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். முன்னது வருவாய்த் துறை வழியாக வருகிறது, பின்னது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக. பெயர்களைக் கவனியுங்கள். பாட்டிக்கு வருவது 'ஓய்வூதியம்' என்று ஊரில் சொல்லப்படும் பணம். அதாவது அவருடைய பணம். வெற்றிலைக்கும் பேரனுக்குக் கொடுக்கும் பத்து ரூபாய்க்கும் அதிலிருந்துதான் எடுப்பார். மருமகள் கை வைத்தால் வீட்டில் சண்டை வரும். பாப்பாவுக்கு வருவது 'பராமரிப்பு' உதவித்தொகை. பெயரிலேயே அது பார்த்துக்கொள்கிறவர் கைக்குப் போகவேண்டிய பணம் என்ற தொனி இருக்கிறது. வங்கிக் கணக்குப் புத்தகம் அண்ணனிடம் இருக்கும். அதில் பாப்பாவுக்கு என்று ஒரு வளையல் வாங்கியிருந்தால் நல்ல வீடு.

ஆனால் இரண்டு தொகைகளிலும் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்புக்கு என்று ஒரு பைசா ஒதுக்கவில்லை. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம் உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டவர்களையும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் முழுநேரமும் கவனிப்பவருக்கு, கவனிப்பவர் என்ற தகுதியிலேயே, மாதம் 600 ரூபாய். தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது நிலுவையில் நிற்பதும் சகஜம். ஆனால் அந்தத் திட்டத்தை வரைந்தவருக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது: பாட்டியின் கட்டிலுக்கும் பாப்பாவின் பாய்க்கும் நடுவில் ஒரே பெண்தான் நடந்துகொண்டிருக்கிறாள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவும், அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்பதைக் குறிப்பிடுகிறது. முதியோருக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சிந்தனையே இல்லை. அங்கே பராமரிப்பு என்பது பிள்ளைகளின் கடமை; கடமைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அந்தச் சட்டம் ஒரு விதத்தில் பாட்டிக்குக் கையில் தடி கொடுத்திருக்கிறது. பிள்ளை கவனிக்கவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு அவர் மனு கொடுக்கலாம். ஸ்ரீபெரும்புதூரே ஒரு வருவாய்க் கோட்டம் என்பதால் காஞ்சிபுரம்வரை அலையவேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் 23-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யவும் கேட்கலாம். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் சென்ட் கணக்கில் விலை ஏறிய இந்தப் பகுதியில் அந்தப் பிரிவின் எடை தனி. பத்திரம் இன்னும் பாட்டி பேரில் இருக்கும்வரை கஞ்சி சூடாக வரும் என்று ஊரில் சொல்வது முழுக்கக் கிண்டல் அல்ல.

பாப்பாவின் பாதை வேறு மாதிரி. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது தாண்டிய அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவுக்கு உண்டு. பாட்டி தானே மனு போடுகிறார். பாப்பாவுக்காக வேறொருவர் போடுகிறார். வித்தியாசம் அதோடு முடிவதில்லை. காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். சொத்தின் கணக்கு. பாப்பா இந்த வருடத்தில் எத்தனை நாள் வாசலைத் தாண்டினார், கடைசியாக எப்போது பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டினார், அவருக்குப் பிடித்த ஒருவரையாவது சந்தித்தாரா என்று கேட்கும் கணக்கு எதுவும் இல்லை. சொத்தில்லாத பாப்பாக்களுக்கோ இந்தக் குழுவைத் தேடிப்போகவே அவசியம் ஏற்படுவதில்லை. பாகப்பிரிவினை வரும்போது, கையெழுத்துத் தேவைப்படும்போதுதான் குடும்பத்துக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வரும்.

இனி வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் பகுதிக்கும் வந்தது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. முடங்கியவருக்கு இயன்முறை மருத்துவரும், தேவைப்பட்டால் வலி தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் வட்டார அளவில் உண்டு. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. பாராட்டத் தயங்கவேண்டியதில்லை. பாட்டியின் விழுந்த கையை மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று இருபது வருடத்துக்கு முன் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முதியோர் மருத்துவத்துக்கு இந்த மாநிலத்தில் வேர் ஆழம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பாட்டியின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றும்போது பாப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் 43 வயதாகிறது. அவருக்கும் கொதிப்பு இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். பரிசோதிக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் பிறவிக் குறைபாடு என்றாலே குழந்தைகளை நினைக்கிற பழக்கம் திட்டங்களுக்கும் உண்டு. ஆரம்பநிலைத் தலையீட்டு மையம், சிறப்புப் பள்ளி, 18 வயதுவரை இலவசக் கல்வி என்று ஒரு ஏணி இருக்கிறது. அது 18-ஆவது படியில் அந்தரத்தில் நிற்கிறது. அதற்குமேல் சில தொழிற்பயிற்சி இல்லங்கள். பெரிய நிறுவனம் என்றால் முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். நல்ல நிறுவனம்தான், ஆனால் கடற்கரையில் இருக்கிறது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வண்டலூர் வழியாகப் பஸ் மாறி மாறி, கூட்டத்தைக் கண்டு மிரளும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டமும் அதன் 'விழுதுகள்' மையங்களும் சேவையை வீட்டருகே கொண்டுவரும் நோக்கத்தோடு எழுந்தவை. அவை குழந்தையோடு நின்றுவிடாமல் நரைத்த பாப்பாக்கள்வரை வருகின்றனவா என்பதை வைத்துத்தான் அந்தத் திட்டத்தை நான் எடைபோடுவேன்.

வயதுக் கோடு இங்கே இன்னொரு விதத்திலும் பிசகுகிறது. 60 வயதானால் மூத்த குடிமக்கள் என்பது கணக்கு. 2021-இல் தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது அரசு மதிப்பீடு. ஆனால் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு தரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் நாற்பதுகளின் பிற்பகுதியிலும் ஐம்பதுகளிலுமே வரத் தொடங்கும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டி இருந்தது. இன்று 60-ஐ ஒட்டி இருக்கிறது. இதய அறுவைச் சிகிச்சை வளர்ந்ததும், காப்பகங்களில் அடைத்துவைப்பது குறைந்ததும் பெரிய காரணங்கள். ஆக, அவர்களில் முதுமை காணும் முதல் தலைமுறை இதுதான். இங்கிலாந்தில்கூட அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 ஆண்டு முன்னதாக இறப்பதாக அங்குள்ள இறப்பு மதிப்பாய்வுகள் சொல்கின்றன. அதில் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் நிறைய. பழகிய வேலையைப் பாப்பா திடீரென மறந்தால், படியிறங்கத் தயங்கினால், "அவ எப்பவுமே அப்படித்தான்" என்று வீடு சொல்லிவிடும். அதே அறிகுறி பாட்டிக்கு வந்தால் மறுநாளே டாக்டரிடம் போவார்கள்.

இங்கிலாந்தைச் சொன்னதால் ஒரு விஷயம். அங்கே பராமரிப்புத் தர ஆணையம் என்று 2009 முதல் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைச் சோதித்து, பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, தேவைக்கு ஏற்ப நடக்கிறதா, நிர்வாகம் சரியா என்று ஐந்து கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டு ஊரறிய வெளியிடுகிறது. முதியோருக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஒரே ஐந்து கேள்விதான். நடைமுறையில் அது போதவில்லை என்று கண்டு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று தனி வழிகாட்டி ஒன்றை 2020-இல் வெளியிட்டார்கள். முதியோர் பக்கத்திலோ கால்மணி நேரத்தில் ஓடிவந்து ஓடிப்போகும் ஆட்களைப் பற்றிய புகார் பெருகி, ஒரு முறைக்குப் பொதுவாக அரைமணி நேரமாவது இருக்கவேண்டும் என்று அவர்களுடைய சுகாதார நெறிமுறை நிறுவனம் 2015-இல் எழுதியது. முதியோருக்கு நேரம் பிரச்சினை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுதந்திரம் பிரச்சினை. பணமும் சட்டமும் உள்ள நாட்டிலும் இந்த இரண்டும் வேறு என்று புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இங்கே வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 24 மணி நேர ஆயா வைத்தால் லைனில் நிற்கும் ஒருவரின் மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். வருகிற பெண்ணும் தன் வீட்டு முதியவரை எங்கோ விட்டுவிட்டு வந்தவராகவே இருப்பார். படுக்கை நோயாளி என்றால் எத்தனை கிலோ எடை, தூக்கவேண்டுமா என்று கேட்பார். 'மூளை சரியில்லாத பொண்ணும் உண்டு' என்றால் மறுநாள் வரமாட்டார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் பயம்.

தொழிலாளர் விடுதிகளைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. 18,720 படுக்கை என்றால், எங்கெங்கோ இருக்கும் வீடுகளில் இளம்பெண் ஒருத்தி இல்லாமல்போன இடங்கள் என்றும் வாசிக்கலாம். அவள் ஜிபேயில் அனுப்பும் பணத்தில் பாட்டிக்கு மாத்திரையும் டயாப்பரும் வருகின்றன. புரட்டிவிடும் கை வருவதில்லை.

நான் வைத்துக்கொண்ட வீட்டுக்குத் திரும்புகிறேன். காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்கும் இடையில் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? பாட்டி கூப்பிட்டால் பாப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். மருமகள் சொல்லிவிட்டுப் போன மாத்திரையைப் பாட்டி கைகாட்ட, பாப்பா எடுத்துத் தருகிறார். தோளைப் பிடித்து இழுத்துப் புரட்டவும் பழகியிருக்கிறார். எத்தனை மணிக்கு என்று தெரியாது, பாட்டி முனகினால் என்று தெரியும். பாட்டி பதிலுக்கு, அடுப்பு பக்கம் போகாதே, கதவைத் திறக்காதே என்று படுத்தபடியே அவரைக் காவல் காக்கிறார். இருவரும் சேர்ந்துதான் ஒரு முழு ஆள். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களும் அவர்களுடைய மூப்படைந்த பெற்றோரும் இப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருப்பது உலகெங்கும் காணக்கூடியதுதான். அதைப் பராமரிப்பு என்று எந்தப் படிவத்திலும் யாரும் எழுதுவதில்லை. பாட்டி போய்விட்டால் பாப்பா ஒரு தாயை மட்டும் இழப்பதில்லை, இருபது வருடமாகப் பார்த்த ஒரு வேலையையும் இழக்கிறார். சாவு வீட்டில், "பாவம், இதுக்கு என்ன தெரியும்" என்று அவரை அடுத்த அறையில் உட்காரவைத்திருப்பார்கள்.

இந்தப் பகுதியின் சட்டைப்பைகளில் எல்லாம் இருக்கும் ஒரு காகிதத்தோடு முடிக்கிறேன்: இ.எஸ்.ஐ. அட்டை. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குகிறவரிடம் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடித்து, குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் தருகிற ஏற்பாடு. குடும்பம் என்றால் யார் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மிகாத பெற்றோர் உண்டு. ஆகவே பாட்டி மகனின் அட்டையில் இருக்கிறார். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போய், பெண் தொழிலாளியின் மாமனார், மாமியாரையும் சேர்த்துக்கொண்டது. லைனில் நிற்கும் மருமகளின் அட்டையிலும் இனி பாட்டிக்கு இடம் கிடைக்கும். உடலாலோ மனத்தாலோ குறைபாடுள்ள பிள்ளைக்கும் வயது வரம்பில்லாமல் இடம் உண்டு. ஆனால் காப்பீடு பெற்றவரின் பிள்ளையாக இருக்க வேண்டும். பாப்பாவின் அப்பா ஏரிப் பாசனத்தில் உழுதவர், அவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு வரி இருக்கிறது: தொழிலாளி மணமாகாதவராக இருந்து, பெற்றோரும் உயிரோடு இல்லாவிட்டால், அவரைச் சார்ந்திருக்கும் மைனர் தம்பி, தங்கை.

பாப்பாவின் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தெருவெல்லாம் குழந்தை என்று சொல்லும் பாப்பாவுக்கு, அந்தப் பட்டியலைப் படிக்கும் குமாஸ்தாவின் கணக்கில் மட்டும் வயது 43.